சொல் ஒன்று, பொருள் இரண்டு



சமய இலக்கியங்களைப் பற்றிப் பேசிவரும் இத்தொடரிலே இம்முறை ஒரு நூலையோ ஒரு புலவரையோ எடுத்துக்கொள்ளாமல் சில சொற்களை எடுத்துக்கொள்கின்றேன். தேவன், அருள், பாவம், மீட்பு, அவதாரம், ஆன்மா, உயிர்ப்பு என்பன அவை. கிறிஸ்தவ இறையியலின் அடிப்படைச் சொற்கள் இவை. இந்துக் கல்லூரியொன்றின் தமிழாசிரியனுக்கு இவற்றில் என்ன அலுவல் என்று சிலர் கேட்கக்கூடும். இச்சொற்களிற் பெரும்பாலானவை கிறிஸ்தவம் தமிழ் நிலத்துக்கு வருமுன்பே எங்களிடையே வழங்கியவை. சைவரும் வைணவரும் சமணரும் பௌத்தரும் பொருளேற்றி வைத்த சொற்களைக் கிறிஸ்தவ அறிஞர்கள் எடுத்து வேறொரு பொருளை ஏற்றினார்கள். ஆகவே இது தமிழின் கதையுமாகும்.

இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் வன்னியிலே ஒரே வகுப்பிற் சைவப் பிள்ளையும் கத்தோலிக்கப் பிள்ளையும் ஒரே வாங்கில் இருக்கின்றனர். சமய பாடவேளை வந்ததும் சைவநெறிக்கு ஒரு பகுதியினரும், கத்தோலிக்கத்துக்கு ஒரு பகுதியினரும், கிறிஸ்தவத்துக்கு வேறு சிலருமாகப் பிரிந்து போகின்றனர். மணியடித்ததும் தமிழ்ப் பாடத்துக்கு மீண்டும் ஒன்றாக வருகின்றனர். அப்போது கரும்பலகையில் நான் 'அருள்' என்று எழுதினால் அந்த ஒரு சொல்லை அவர்கள் இரண்டு மூன்று விதமாக விளங்கிக்கொள்கின்றனர். அந்த வேறுபாட்டைத் தெளிவாகச் சொல்லிக்கொடுக்காவிட்டால், பிள்ளைகள் பெரியவர்களானதும், 'எல்லாம் ஒன்றுதான்' என்று மேலோட்டமாகப் பேசுவார்கள். அல்லது 'அவர்கள் சொல்வதெல்லாம் பிழை' என்று ஒதுக்கிவிடுவார்கள். இரண்டுமே அறியாமைதான்.

வேதக்காரர் என்ற பெயர்

எங்கள் ஊர்களில் முதியவர்கள் கிறிஸ்தவர்களை 'வேதக்காரர்' என்பர். தேவாலயத்தை 'வேதக்கோயில்' என்பர். வேதம் என்ற சொல்லைக் கேட்டதும் இருக்கு முதலிய நான்கையும் நினைக்கும் சைவன் இதைக் கேட்டு வியக்க வேண்டாமா? வியப்பதில்லை, பழகிவிட்டது. இந்த வழக்கின் பின்னால் நானூறு ஆண்டு வரலாறு இருக்கின்றது.

தமிழிற் கிறிஸ்தவச் சொல்லாக்கத்தை முதலிற் செய்தவர்கள் போர்த்துக்கேயரோடு வந்த துறவிகள். 1554இல் லிஸ்பன் நகரில் அச்சான தமிழ் வேதபோதக நூலிலே தமிழ்ச் சொற்கள் உரோம எழுத்திலேயே அச்சிடப்பட்டன. அண்டிரிக்கு அடிகளார் 1578இற் கொல்லத்தில் அச்சிட்ட 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல். அதிற் பதினாறே பக்கங்கள். கடவுளுக்கு அவர் தேர்ந்தெடுத்த சொல் 'தம்பிரான்'. பல சொற்களை அவர்கள் மொழிபெயர்க்கத் துணியவில்லை. பரிசுத்த ஆவியானவர் 'இஸ்பிரீத்து சாந்து' ஆனார். சிலுவை 'குருசு' ஆயிற்று. திருப்பலி 'மீசை' ஆயிற்று. மிசா என்ற ஒலியே மீசையாயிற்று என்பதை அறியாத தமிழர் அதைக் கேட்டு என்ன நினைத்திருப்பர் என்பதை நேயர்களின் கற்பனைக்கு விட்டுவிடுகின்றேன். அந்தக் காலச் சொற்களுள் ஒன்று எங்கள் நாட்டில் இன்றும் எல்லோர் வாயிலும் வழங்குகின்றது. கிறிஸ்து பிறப்பு விழாவை நாங்கள் 'நத்தார்' என்கின்றோமே, அது போர்த்துக்கேயரின் 'நத்தால்' என்ற சொல்லேயாகும்.

1606இல் மதுரைக்கு வந்த இத்தாலியத் துறவி ரொபேட் டி நொபிலி இந்த நிலையை மாற்ற முனைந்தார். தத்துவ போதகர் என்று தமிழ்ப் பெயர் சூடிய அவர் வடமொழியும் தமிழும் முறையாகக் கற்றவர். மீசையைப் 'பூசை' ஆக்கியவர் அவர். 'சருவேசுரன்', 'ஞானஸ்நானம்', 'வரப்பிரசாதம்' போன்ற சொற்கள் அவருடைய எழுத்துகளின் வழியே நிலைபெற்றன. கிறிஸ்தவ நெறியை அவர் 'சத்திய வேதம்' என்றார். வேதக்காரர் என்ற எங்கள் ஊர் வழக்கின் ஊற்றை இத்தகைய வழக்கிலே காணலாம். முதுமையிற் சில காலம் யாழ்ப்பாணத்திலும் தங்கிய அவர் 1656இல் மயிலாப்பூரிற் காலமானார்.

கடவுளுக்கு எத்தனை பெயர்

ஒரு சமயத்தின் முதற் சொல் கடவுளின் பெயர். அந்த ஒரு சொல்லுக்காகவே மொழிபெயர்ப்பாளர்கள் மூன்று நூற்றாண்டுகளாக உழைத்தனர். தரங்கம்பாடிக்கு 1706இல் வந்த சீகன்பால்க் 1715இல் அச்சிட்டு முடித்த புதிய ஏற்பாட்டிற் சருவேசுரன் என்ற சொல்லையே எடுத்துக்கொண்டார். பின்வந்த பப்ரிசியஸ் 'பராபரன்' என்றார். தாயுமானவரின் பராபரக்கண்ணியைப் பாடும் நாவுக்கு அது அந்நியமான சொல்லன்று. அவருக்குப் பின் இரேனியஸ் 'தேவன்' என்றார். 1871இல் வெளிவந்த ஒன்றிய மொழிபெயர்ப்பும் தேவனையே ஏற்றதால் புரட்டஸ்தாந்து மக்களின் வழிபாட்டில் அச்சொல் வேரூன்றிவிட்டது. இருபதாம் நூற்றாண்டிற் செய்யப்பட்ட திருத்தம் 'கடவுள்' என்றது; பழைய சொல்லிலே செபித்துப் பழகியவர்கள் பலர் அதை ஏற்கத் தயங்கினர். கத்தோலிக்கரும் ஏனைய சபையினரும் சேர்ந்து 1995இல் வெளியிட்ட திருவிவிலியமும் 'கடவுள்' என்றே வழங்குகின்றது.

இத்தனை மாற்றம் எதற்கு? சைவ நோக்கில் நின்று பார்த்தால் விளங்கும். எங்கள் நூல்களிலே தேவர்கள் பலர். இந்திரனும் தேவன், வருணனும் தேவன். அவர்களும் வினைக்குட்பட்ட உயிர்களே. புண்ணியம் தீர்ந்தால் பதவியும் தீரும். 'தேவன்' என்ற சொல் சைவன் ஒருவனின் காதுக்கு முழுமுதலைக் குறிக்காமற் போகலாம். 'சருவேசுரன்' அந்தக் குறையைத் தீர்த்தது. ஆனால் அதிலுள்ள 'ஈசுரன்' சிவனை நினைவூட்டிற்று. 'கடவுள்' எச்சமயத்தவரும் வழங்கும் பொதுச் சொல்லாயிருந்தது. பொதுவாக இருந்ததனாலேயே அதில் நெருக்கம் இல்லை என்று சிலர் குறைப்பட்டனர். திருக்குறளின் முதல் அதிகாரத்துக்குக் கடவுள் வாழ்த்து என்று பெயர். அதிலுள்ள பத்துக் குறள்களிலும் கடவுள் என்ற சொல் இல்லை என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். முழுமுதலைச் சுட்ட எந்தச் சொல்லை எடுத்தாலும் ஒன்று கூடும், ஒன்று குறையும்.

எங்கள் நாட்டவருக்கும் இந்த முயற்சியிற் பெரும் பங்கு உண்டு. பிலிப் டி மெல்லோ மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1759இற் கொழும்பில் அச்சாயிற்று. பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்குத் துணைநின்றவர் நல்லூர் ஆறுமுக நாவலர். அது 1850இல் வெளிவந்தது. அதற்கு இரண்டு ஆண்டு முன்னரே, 1848இல், நாவலர் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிவிட்டார். விவிலியத்தைச் சொல் சொல்லாக எடை போட்ட அதே கைதான் சைவ வினாவிடைகளையும் எழுதிற்று. நாவலரின் கண்டனங்கள் கூர்மையாக இருந்ததற்கு ஒரு காரணம், தாம் கண்டிப்பது இன்னதென்று அவர் நன்கு அறிந்திருந்ததேயாகும். மற்றவர் சமயத்தை அறியாமலே கண்டிக்க விரும்புவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

அருளும் பாவமும்

இனி அருள் என்ற சொல்லை நோக்குவோம். திருக்குறளில் அன்புடைமை ஓர் அதிகாரம். அருளுடைமை வேறோர் அதிகாரம். தொடர்புடையார்மேற் செல்வது அன்பு; தொடர்பு நோக்காது எல்லா உயிர்மேலும் செல்வது அருள் என்று உரையாசிரியர்கள் வேறுபடுத்துவர். சைவ சித்தாந்தத்திலே அருள் இறைவனின் சக்தியேயாகும். உமாபதி சிவாசாரியார் ஒரு நூலுக்குத் திருவருட்பயன் என்றே பெயரிட்டார்.

கிறிஸ்தவத்திலே இதற்கு ஈடான கிரேக்கச் சொல் 'காரிஸ்'. மனிதன் சம்பாதிக்காத, அவன் தகுதி நோக்காது கொடுக்கப்படும் கொடை என்பது அதன் பொருள். பழைய கத்தோலிக்கச் செபங்களில் இது 'பிரியதத்தம்' எனப்பட்டது. பிரியத்தோடு தரப்பட்டது என்று பொருள் கொள்ளலாம். பின்னர் 'வரப்பிரசாதம்' என்றனர். புரட்டஸ்தாந்து வழக்கிற் 'கிருபை' நிலைத்தது. வத்திக்கான் சங்கம் 1962 முதல் 1965 வரை கூடி, மக்கள் மொழியில் வழிபாட்டுக்கு இடம் கொடுத்த பின்னர், கத்தோலிக்கர் 'அருள்' என்ற தூய தமிழ்ச் சொல்லுக்குத் திரும்பினர். 'நற்கருணை' என்ற சொல்லும் கவனிக்கத்தக்கது. அதன் மூலமான 'எவ்காரிஸ்தியா' நன்றி கூறல் என்னும் பொருளது. அச்சொல்லைப் பிரித்தால் 'எவ்' என்பது நல்ல. 'காரிஸ்' என்பது கருணை. தமிழ்ச் சொல் அந்த உறுப்புகளோடு அப்படியே பொருந்தி நிற்கின்றது.

இரு சமயத்தவரும் அருள் மேலிருந்து வருவது என்பதில் ஒத்துப்போகின்றனர். எதிலிருந்து விடுவிக்க வருகின்றது என்ற இடத்திலேதான் பாதை பிரிகின்றது. கிறிஸ்தவர் 'பாவம்' என்பர். கிரேக்க மூலச் சொல் 'அமார்த்தியா'. குறி தவறுதல் என்பது அதன் அடிப்பொருள். கடவுள் படைத்த உலகம் நல்லது. முதல் மனிதர் கட்டளையை மீறியதால் தீமை புகுந்தது. அதன் விளைவோடுதான் ஒவ்வொருவரும் பிறக்கின்றனர் என்பது அவர்கள் கொள்கை. இதைச் 'சென்மப் பாவம்' என்றனர். இச்சொல்லைக் கேட்கும் சைவன், முற்பிறவியிற் செய்த பாவம் என்று உடனே எண்ணிக்கொள்வான். அது தவறு. கிறிஸ்தவத்தில் முற்பிறவி இல்லை.

சைவம் மூலமலம் என்று ஆணவத்தைச் சொல்லும். அது ஒருநாள் வந்து சேர்ந்ததன்று. உயிர் என்று உண்டோ அன்றே உண்டு. செம்பிற் களிம்புபோல என்பர். எங்கள் வயற்காரருக்கு இன்னும் எளிதாகச் சொல்லலாம்: நெல்லை உமி எந்த நாளிற் பற்றியது என்று யாரும் கேட்பதில்லை. கிறிஸ்தவம் சொல்லும் பாவத்துக்குத் தொடக்கம் உண்டு. சைவம் சொல்லும் ஆணவத்துக்குத் தொடக்கம் இல்லை. ஆகவே மருந்தும் வேறாகின்றது. அங்கே 'மனந்திரும்புதல்' வேண்டும். இங்கே மலம் பக்குவப்பட வேண்டும். 'பாவம்' என்ற சொல்லுக்குப் பேச்சுத்தமிழில் ஒரு மென்மையும் உண்டு. துன்பப்படும் பிள்ளையைக் கண்டால் 'ஐயோ பாவம்' என்கின்றோம். குற்றத்தைக் குறிக்கும் சொல்லே இரக்கத்தையும் குறிப்பது தமிழின் சிறப்பு. குற்றவாளிமேல் இரங்கும் கடவுளைப் பேச வந்தவர்களுக்கு இது தற்செயலாகக் கிடைத்த வாய்ப்பு.

'மீட்பு' என்ற சொல்லை விளக்க அகராதி தேவையில்லை. அடகு வைத்த தாலிக்கொடியைப் பணம் கட்டி மீட்ட பெண்களைக் கேட்டால் போதும். இலத்தீன் மூலச் சொல்லும் விலை கொடுத்துத் திரும்ப வாங்குதல் என்றே பொருள்படும். பொருள் முதலில் உரியவருடையதாக இருந்தது, கைமாறியது, இன்னொருவர் விலை கொடுத்தார் என்ற மூன்றும் அந்தச் சொல்லில் உண்டு. எங்கள் 'வீடு' என்ற சொல் 'விடு' என்பதன் அடியாக வந்தது. விட்டு நீங்குதல் அதன் கருத்து. ஒன்று திரும்பப் பெறுதல்; மற்றது கட்டவிழ்தல்.

அவதாரம் என்றால்

அவதாரம் என்றால் இறங்கி வருதல். வைணவத்தில் அது பல முறை நிகழும். சைவ சித்தாந்தத்தில் இறைவன் கருவிற் பிறப்பதில்லை. அடியார்க்காகத் திருமேனி கொண்டு தோன்றுவான், குருவாக வருவான். கிறிஸ்தவமோ கடவுள் ஒரே ஒரு முறை, ஒரு குறிப்பிட்ட நாட்டில், ஒரு குறிப்பிட்ட காலத்தில், மெய்யாகவே மனிதரானார் என்கின்றது. மெய்யான கடவுளும் மெய்யான மனிதரும் ஒருவரே என்று கி.பி. 451இற் கல்சிதோன் சங்கம் வரையறுத்தது. எனவேதான் 'அவதாரம்' என்ற சொல்லை ஆண்டவர்களும் 'மனித அவதாரம்' என்று அடைகொடுத்தனர். வேறு சிலர் 'மனுவுரு எடுத்தல்' என்றனர். அவதாரம் என்று மட்டும் சொன்னால் பத்தோடு பதினொன்றாகிவிடும் என்று அஞ்சினர்.

திரித்துவத்துக்கும் இதே இடர்ப்பாடு. பிரமா, விட்டுணு, உருத்திரன் என்ற மும்மூர்த்திகளோடு அதை ஒப்பிடுவது வழக்கம், ஆனால் பொருந்தாது. மும்மூர்த்திகள் தொழிலாற் பிரிந்தவர்கள். தந்தை, மகன், தூய ஆவி என்ற மூவரும் ஒரே கடவுள் என்பது கிறிஸ்தவக் கொள்கை. 'மூன்று ஆட்கள்' என்ற மொழிபெயர்ப்பும் உதவவில்லை. எங்கள் பேச்சில் 'ஆள்' என்றால் தனித்தனி மனிதரல்லவா? வங்காளத்துப் பிரமபாந்தவ உபாத்தியாயர் சத்து, சித்து, ஆனந்தம் என்ற வேதாந்தச் சொற்களால் இதை விளக்க முயன்றார். குளித்தலைக்கு அருகே 1950இற் பிரெஞ்சுத் துறவியர் இருவர் தொடங்கிய ஆசிரமத்துக்குச் சச்சிதானந்தம் என்றே பெயர் சூட்டினர்.

மரண அறிவித்தலிலே ஒரு பாடம்

பத்திரிகையின் மரண அறிவித்தற் பக்கத்தை ஒருமுறை ஊன்றிப் படியுங்கள். ஒருவர் 'சிவபதம் அடைந்தார்'. இன்னொருவர் 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்'. வேறொருவர் 'இறைவனடி சேர்ந்தார்'. ஒவ்வொன்றும் ஒரு சமயத்தின் தத்துவச் சுருக்கம். சைவத்தில் ஆன்மா அநாதி. வினை தீரும்வரை பிறந்திறக்கும். கிறிஸ்தவத்தில் ஆன்மா கடவுளாற் படைக்கப்பட்டது. ஒரே முறை வாழ்ந்து, இறந்து, உயிர்ப்புக்காகக் காத்திருக்கின்றது. அதனாலேதான் அங்கே சாவு 'நித்திரை' எனப்படுகின்றது. நித்திரை கொண்டவர் எழும்புவார் அல்லவா? கத்தோலிக்கர் 'இளைப்பாற்றி' என்ற சொல்லையும் வழங்குவர். வழி நடந்து களைத்தவனுக்குக் கிடைக்கும் நிழல் அது. சைவர் 'ஆத்ம சாந்தி' என்பர்.

'உயிர்ப்பு' மறுபிறப்பன்று. அதே ஆள், அதே உடல், ஆனால் அழியாத நிலையில் எழுவது அது. இந்தச் சொல்லை அறிய வேண்டிய கடமை எங்களுக்கு இப்போது கூடியிருக்கின்றது. 2019ஆம் ஆண்டு ஏப்பிரல் 21ஆந் திகதி தேவாலயங்களிலும் விடுதிகளிலும் குண்டுகள் வெடித்து 250இற்கும் மேற்பட்டோர் மாண்டனர். அன்று முதல் 'உயிர்த்த ஞாயிறு' என்ற தொடரைக் கிறிஸ்தவரல்லாத பிள்ளைகள் பலர் ஒரு தாக்குதலின் பெயராகவே அறிந்திருக்கின்றனர். சாவை வென்றதைக் கொண்டாட ஏற்பட்ட பெயர் சாவின் பெயராகிவிட்டது. அச்சொல்லுக்கு அதன் சொந்தப் பொருளை மீட்டுக் கொடுப்பது தமிழாசிரியர்களின் பணியுமாகும்.

மண்ணிலே கலந்த சொற்கள்

சான்றோர் கூடி ஆக்கிய சொற்கள் ஒருபுறமிருக்க, மக்கள் தாமாகவே கலந்துகொண்ட சொற்கள் இன்னொருபுறம். 'திருப்பலி' என்று நூல்கள் சொன்னாலும் எங்கள் ஊர்களில் 'பூசைக்குப் போறம்' என்றே கத்தோலிக்கர் சொல்வர். பலிபீடம் சைவக் கோயிலிலும் உண்டு. ஆணவத்தைப் பலியிடும் இடம் என்று அதற்கு விளக்கம் சொல்வர். கொடியேற்றமும் திருவிழாவும் நேர்த்தியும் இருவருக்கும் பொது. மடு மாதாவின் தலத்தை 'மடுத் திருப்பதி' என்கின்றோம். ஒல்லாந்தர் கத்தோலிக்கரை ஒடுக்கிய காலத்திற் காட்டுக்குள் அடைக்கலம் தேடியவர்களோடு சேர்ந்து வந்தது அந்தத் திருச்சொரூபம் என்பது வரலாறு. 1990இற்குப் பின்னர் இடம்பெயர்ந்த பல்லாயிரவர் அங்கே தங்கினர். அவர்களிற் சைவரும் இருந்தனர். அங்கே பதி என்ற சொல்லுக்கு யாரும் விளக்கம் கேட்கவில்லை, கூரை கேட்டார்கள்.

இசுலாமியரின் சொற்களையும் ஒரு வார்த்தை சொல்லி அமைகின்றேன். தொழுகை, நோன்பு, பள்ளிவாசல் என்பன மூன்றும் தமிழ். நோன்பு பாவையரும் நோற்றது. பள்ளி சமண பௌத்தத் துறவிகள் தங்கிய இடம். ஒரு சமயத்தார் வைத்துவிட்டுப் போன பாத்திரத்தில் இன்னொருவர் தம் உணவைச் சமைத்திருக்கின்றனர். பாத்திரம் ஒன்று என்பதால் உணவும் ஒன்று என்று சொல்லலாமா? உணவு வேறு என்பதாற் பாத்திரத்தை உடைக்கலாமா?

எனவே மாணவர்களுக்கு நான் சொல்வது இதுதான். சமயச் சொல் ஒன்றைக் கண்டால் மூன்று கேள்வி கேளுங்கள். இச்சொல் எங்கிருந்து வந்தது? இதைச் சொல்பவர் இதனால் எதைக் கருதுகின்றார்? நான் இதைக் கேட்டதும் எதைக் கருதினேன்? இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடையே உள்ள தூரத்தை அறிந்தவன் அயலவனோடு வாதிடலாம். அவன் வீட்டுத் துயரிலும் அவனுக்குப் பொருந்தும் சொல்லைச் சொல்லலாம். முள்ளிவாய்க்காலில் ஒவ்வோர் ஆண்டும் மே 18ஆந் திகதி விளக்கேற்றும்போது ஒருவர் ஆத்ம சாந்தி என்பார். பக்கத்தில் நிற்பவர் நித்திய இளைப்பாற்றி என்பார். பொருள் வேறு என்பது இருவருக்கும் தெரிந்திருந்தால் நல்லது. தெரிந்த பின்னும் பக்கத்திற் பக்கத்தில் நிற்பது அதனினும் நல்லது.

அடுத்த வாரம் பௌத்தச் சொற்களோடு மணிமேகலையை நோக்குவோம்.